நல்ல கை வந்தும் எப்போ ஃபோல்ட் பண்ணணும்?

இந்த எபிசோட்ல என் வாழ்க்கையில நடந்த ரெண்டு ஃபோல்ட் பத்திப் பேசப்போறேன். ஒண்ணு சீட்டு விளையாட்டுல நடந்தது. இன்னொண்ணுல சீட்டுக்கட்டே கிடையாது. ரெண்டு தடவையும் என் கையில நல்ல கார்டு இருந்தது, ரெண்டு தடவையும் நான் கீழே வச்சிட்டேன். பார்த்தவங்க எல்லாரும் ரெண்டுக்குமே "தப்பு பண்ணிட்டியே டா"ன்னு தான் சொன்னாங்க. அதுல ஒண்ணு நிஜமாவே தப்பு. இன்னொண்ணு சரின்னு இன்னைக்கும் சொல்வேன். எது எதுன்னு பிரிச்சுப் பார்க்க ஒரு கணக்கு இருக்கு. இன்னைக்கு அந்தக் கணக்குதான்.

ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு விஷயம். இது போக்கர் விளையாடச் சொல்ற எபிசோட் இல்ல. இந்தியாவுல பணம் கட்டி ஆன்லைன்ல விளையாடுற விளையாட்டுகளை 2025ல வந்த மத்திய சட்டம் தடை பண்ணிடுச்சு. நாங்க வீட்ல விளையாடுறதுக்குப் பந்தயமே வேற: கடைசியா வர்றவன் ஒரு வாரம் எல்லாருடைய பாத்திரத்தையும் கழுவணும். ஒரு ஃபிளாட்ல 4 பசங்க தங்கியிருந்தா அது எவ்வளவு பெரிய பந்தயம்னு தங்கினவங்களுக்குத் தெரியும்.

அந்த சனிக்கிழமை

போக்கர் தெரியாதவங்களுக்கு அரை நிமிஷத்துல சொல்லிடறேன். நாங்க விளையாடுறது டெக்சாஸ் ஹோல்டெம். ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு கார்டு மறைச்சுத் தருவாங்க. நடுவுல 5 கார்டு பொதுவா வரும். இந்த 7ல எந்த 5 சிறந்ததோ அதுதான் உங்க கை. நடுவுல கார்டு வர்றதுக்கு முன்னாடியே ஒரு சுற்று பந்தயம் நடக்கும். அதுல தொடரலாம், ஏத்தலாம், இல்ல ஃபோல்ட் பண்ணிட்டு ஒதுங்கலாம். நம்ம ஊர் ரம்மியில "ஸ்கூட்"னு சொல்லிட்டு வெளியே வர்றோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆனா ரம்மியில கார்டு மோசமா இருந்தாத்தான் ஸ்கூட். இன்னைக்கு நம்ம கேள்வி, கார்டு ரொம்ப நல்லா இருக்கும்போது ஸ்கூட் சொல்லலாமாங்கறது.

அன்னைக்கு 6 பேர். ஆளுக்கு 200 சிப். கட்டாயப் பந்தயம், அதாவது பிளைண்ட், 1ம் 2ம். எனக்கு வந்தது ரெண்டு கிங். ஹோல்டெம்ல இதைவிடப் பெரிய தொடக்கக் கை ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு ஏஸ். நான் 6 போட்டேன். எதிர்ல உட்கார்ந்திருந்த என் ரூம்மேட் 20 ஆக்கினான். நான் 50 ஆக்கினேன். அவன் ஒரு நொடி யோசிச்சான். அப்புறம் எல்லா சிப்பையும் நடுவுல தள்ளிட்டான். ஆல் இன்.

ரூம்மேட் சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல இருக்கான். அதிகம் பேச மாட்டான், சும்மா வம்புக்கு எதையும் செய்ய மாட்டான். என் வயித்துல ஏதோ பிசைஞ்சது. "இவன் கையில ஏஸ் ஜோடிதான்"னு முடிவு பண்ணி என் ரெண்டு கிங்கையும் எல்லாருக்கும் காட்டிட்டு, பெருமையா கீழே வச்சேன். அவன் சிரிச்சுக்கிட்டே தன் கார்டைத் திருப்பினான். ரெண்டு குயின்.

அதுக்கப்புறம் மனசே சரியில்ல. கண்டபடி விளையாடி மிச்ச சிப்பையும் விட்டேன். அந்த வாரம் சிங்க் என்னுடையது.

வயித்துல பிசையறதுக்கு ஒரு எண்

52 கார்டுல இருந்து ரெண்டு கார்டு எடுக்க 1,326 வழி இருக்கு. அதுல ஏஸ் ஜோடி வர்றது 6 வழியில. அதாவது 221 தடவைக்கு ஒரு தடவை. கிங் ஜோடியும் அப்படியே.

இப்போ என் கையில ரெண்டு கிங் இருக்கு. மிச்சம் 50 கார்டு, அதுல 1,225 ஜோடி. எதிர்ல இருக்கிற ஒரு குறிப்பிட்ட ஆள் கையில ஏஸ் ஜோடி இருக்க 1,225ல 6 தான் வாய்ப்பு, சுமார் 204ல ஒண்ணு. மத்த 5 பேரையும் சேர்த்தாலும் 2.5 சதவீதம் தாண்டாது. இந்த எண்ணை வச்சுத்தான் நிறைய பேர் "கிங் ஜோடியை ஃபோல்ட் பண்றவன் பைத்தியக்காரன்"னு சொல்வாங்க.

ஆனா அந்த எண் அவன் எதுவும் செய்யறதுக்கு முன்னாடி இருந்த எண். ஆல் இன் போட்ட அந்த நொடியில அது பழசாயிடுச்சு. ஏன்னா அவன் எந்தக் கார்டுக்கும் ஆல் இன் போட மாட்டான். டெவலப்பர்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, சர்வர் ஏதாவது ஒரு நாள் விழுறதுக்கான வாய்ப்பு வேற. ராத்திரி 2 மணிக்கு அலர்ட் அடிச்ச பிறகு அது விழுந்திருக்கிற வாய்ப்பு வேற. அதனால சரியான கேள்வி "அவன்கிட்ட ஏஸ் வர வாய்ப்பு எவ்வளவு?" இல்ல. "என்னென்ன கார்டு இருந்தா இவன் இப்படிச் செய்வான்?" இதுதான். அந்தப் பட்டியலை போக்கர்காரங்க ரேஞ்ச்னு சொல்வாங்க.

பட்டியல் போட்டா எண்ணலாம். அவனுக்கு ஏஸ் ஜோடி 6 வழி. 4 கிங்ல ரெண்டு என்கிட்ட இருக்கறதால கிங் ஜோடி அவனுக்கு 1 வழி மட்டும்தான். குயின் ஜோடி 6 வழி. ஒரு ஏஸ், ஒரு கிங்னு வச்சிருந்தா 4 ஏஸ், மிச்சம் 2 கிங், ஆக 8 வழி.

ஒவ்வொண்ணோடயும் என் கிங் ஜோடி மோதினா என்ன ஆகும்? ஏஸ் ஜோடிக்கு எதிரா 100க்கு சுமார் 18 தடவைதான் ஜெயிப்பேன். குயின் ஜோடிக்கு எதிரா அப்படியே தலைகீழ், 82. ஏஸ்-கிங்குக்கு எதிரா 70க்குப் பக்கம். கிங்கும் கிங்கும் மோதினா பாதிக்குப் பாதி.

கால் பண்ண என்ன விலை?

இதோட விலையையும் பார்க்கணும். நான் ஏற்கனவே போட்ட 50 இப்போ என்னுடையது இல்ல. அது நடுவுல கிடக்கிற பொதுப் பணம். இந்த ஒரு வரி புரிய எனக்கு ரொம்ப நாளாச்சு. இப்போ கால் பண்ண இன்னும் 150 போடணும். நடுவுல என் 50, அவன் 200, மத்தவங்களோட பிளைண்ட் 3, மொத்தம் 253 இருக்கு. நான் 150 போட்டா 403 ஆகும். 403ல 150ங்கறது சுமார் 37 சதவீதம். அதாவது 100க்கு 37 தடவைக்கு மேல ஜெயிப்பேன்னா கால் பண்ணணும். கீழேன்னா ஃபோல்ட். பாதிக்கு மேல ஜெயிக்கணும்னு அவசியமே இல்ல.

இப்போ பட்டியலை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க.

அவன் ஏஸ் ஜோடிக்கும் கிங் ஜோடிக்கும் மட்டும்தான் ஆல் இன் போடுவான்னா, மொத்தம் 7 வழி. என் வெற்றி வாய்ப்பு சுமார் 23 சதவீதம். ஃபோல்ட் சரி.

அதோட குயின் ஜோடியையும் சேர்த்தா 13 வழி. என் வாய்ப்பு 50க்கு வந்துடுது. கால்.

குயினுக்குப் பதிலா ஏஸ்-கிங்கைச் சேர்த்தா 15 வழி, சுமார் 47 சதவீதம். அப்பவும் கால்.

குயின் ஜோடி வந்தா எப்பவும் இல்ல, ரெண்டு தடவைக்கு ஒரு தடவைதான் இப்படிச் செய்வான்னு வச்சாக்கூட 40 சதவீதம் வருது. அதுவும் கால்தான்.

பார்த்தீங்களா? என் ஃபோல்ட் சரியா இருக்கணும்னா, அவன் கிட்டத்தட்ட ஏஸுக்கு மட்டும்தான் இப்படிச் செய்வான்னு எனக்கு உறுதியாத் தெரியணும். தப்பா முடிவெடுத்தா எவ்வளவு நஷ்டம்? குயினும் சேர்ந்த பட்டியல் உண்மையா இருந்து நான் ஃபோல்ட் பண்ணா, ஒவ்வொரு தடவையும் சராசரியா 51 சிப்பை விட்டுட்டு வர்றேன். ஏஸ், கிங் மட்டும் உள்ள பட்டியல் உண்மையா இருந்து நான் கால் பண்ணா, சராசரியா 59 சிப் போகும். ரெண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தப்பு. ஆனா கால் பண்ணித் தோத்தா கண்ணுக்குத் தெரியும், எல்லாரும் பார்ப்பாங்க. ஃபோல்ட் பண்ணி விட்டது வழக்கமா யாருக்கும் தெரியாது. அதனாலதான் ஃபோல்ட் பாதுகாப்பானதுன்னு நமக்குத் தோணுது.

என் தப்பு எங்கே?

ரெண்டு வாரம் முன்னாடி இதே ரூம்மேட் இன்னொருத்தன்கிட்ட இதே மாதிரி ஆல் இன் போட்டிருந்தான். அன்னைக்கும் குயின் ஜோடிதான். நான் பக்கத்துல உட்கார்ந்து என் கண்ணால பார்த்தேன். அவன் பட்டியல்ல குயின் இருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா 200 சிப் நடுவுல வந்ததும், தெரிஞ்ச தகவலை விட்டுட்டு வயித்துல பிசைஞ்சதை நம்பிட்டேன். அப்புறம் அந்தப் பயத்துக்கு "நான் ஆளைப் படிச்சேன்"னு ஒரு நல்ல பேரும் வச்சேன்.

இங்க ஒண்ணு கவனிங்க. அவன் குயினைத் திருப்பிக் காட்டினதால என் ஃபோல்ட் தப்பாகல. அன்னைக்கு அவன் ஏஸ் ஜோடியைக் காட்டியிருந்தாலும் தப்புதான். அப்போ எல்லாரும் கை தட்டியிருப்பாங்க, நானும் நம்பியிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். முடிவெடுக்கற நேரத்துல கையில இருந்த தகவலை வச்சுத்தான் முடிவை எடை போடணும். கார்டைத் திருப்பின பிறகு எடை போட்டா, அதிர்ஷ்டத்துக்கு மார்க் போடறோம்.

ஏஸ் ஜோடியையே கீழே வைக்கற இடம்

சரி, அப்போ பெரிய கையை ஃபோல்ட் பண்றதே தப்பான்னா, இல்ல. ஹோல்டெம்லேயே மிகப் பெரிய தொடக்கக் கையான ஏஸ் ஜோடியை, கார்டைப் பார்த்த பிறகும், கணக்குப் போட்டு ஃபோல்ட் பண்ண வேண்டிய இடம் ஒண்ணு இருக்கு. அதுக்கு சாட்டிலைட்னு பேர்.

வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கரோட மெயின் ஈவென்ட் நுழைவுக் கட்டணம் 10,000 டாலர். அவ்வளவு கட்ட முடியாதவங்களுக்காகச் சின்னக் கட்டணத்துல தகுதிப் போட்டி நடக்கும். அதுல ஜெயிச்சா பரிசு பணம் இல்ல, பெரிய போட்டிக்கான டிக்கெட். 2003ல அமெரிக்காவுல டென்னசியைச் சேர்ந்த 27 வயசு கணக்காளர் ஒருத்தர், 100 டாலர்கூட வராத கட்டணத்துல ஆன்லைன் சாட்டிலைட் விளையாடி இப்படி உள்ள போனார். 839 பேர் விளையாடின அந்த மெயின் ஈவென்ட்ல ஜெயிச்சு 25 லட்சம் டாலர் வாங்கினார். பேர் கிறிஸ் மணிமேக்கர். நிஜப் பேரே அதுதான். அடுத்த வருஷம் அந்தப் போட்டிக்கு 2,576 பேர் வந்தாங்க.

சாட்டிலைட்ல 10 டிக்கெட் இருந்தா, முதல் இடமும் பத்தாவது இடமும் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் ஒரே டிக்கெட். மலை மாதிரி சிப் குவிச்சு வச்சாலும் ரெண்டாவது டிக்கெட் கிடைக்காது. எங்க வீட்டு விளையாட்டுல 100 சிப்போட மதிப்பு எப்பவும் 100 சிப்தான். சாட்டிலைட்ல அப்படி இல்ல. டிக்கெட் வாங்கற அளவுக்கு மேல வர்ற சிப்புக்கு மதிப்பு குறைஞ்சுக்கிட்டே போகும்.

இதை எண்ணாப் பார்க்க ஒரு மாடல் இருக்கு. இண்டிபெண்டண்ட் சிப் மாடல், சுருக்கமா ஐசிஎம். இதோட அடிப்படை 1973ல டேவிட் ஹார்வில் எழுதின குதிரைப் பந்தயக் கணக்கு. விஷயம் எளிது: மொத்த சிப்புல உங்க பங்கு எவ்வளவோ, அதுதான் நீங்க முதலாவதா வர்ற வாய்ப்பு. முதலாவது ஆளை ஒதுக்கிட்டு, மிச்சம் இருக்கிறவங்களுக்குள்ள அதே பங்கைப் பார்த்தா ரெண்டாவது வர்ற வாய்ப்பு.

ஒரு சின்ன சாட்டிலைட் எடுத்துக்கலாம். 3 பேர், 2 டிக்கெட். முதல் ஆள்கிட்ட 50 சிப், உங்ககிட்ட 30, மூணாவது ஆள்கிட்ட 20. பிளைண்டைக் கணக்குல விட்டுடலாம். உங்களுக்கு டிக்கெட் கிடைக்க வாய்ப்பு 67.5 சதவீதம். இப்போ 50 வச்சிருக்கிறவர் ஆல் இன் போடறார். மூணாவது ஆள் ஒதுங்கிட்டார். நீங்க கால் பண்ணி ஜெயிச்சா 60 சிப், டிக்கெட் வாய்ப்பு 90 சதவீதம். தோத்தா வெளியே, பூஜ்யம். அதனால கால் சரியாகணும்னா நீங்க 100க்கு 75 தடவை ஜெயிக்கணும், ஏன்னா 90ல 75 சதவீதம்தான் 67.5.

வீட்ல 37 போதும்னு சொன்ன இடத்துல இங்க 75 கேட்குது. கையில ஏஸ்-கிங் இருக்குன்னு வைங்க. எதிராளி கார்டைப் பார்க்காமலே ஆல் இன் போட்டிருந்தாலும், அது சுமார் 65 தடவைதான் ஜெயிக்கும். ஃபோல்ட். கிங் ஜோடி இருக்கு, எதிராளி ஏஸ், கிங், குயின் ஜோடிகளுக்கு மட்டும் ஆல் இன் போடுவார்னு வைங்க. அதே 50 சதவீதம்தான். வீட்ல அது கால். இங்க ஃபோல்ட். அதே கார்டு, அதே எதிராளி, முடிவு மட்டும் வேற.

இப்போ சிப்பை மட்டும் மாத்துவோம். முதல் ஆள் 50, நீங்க 48, மூணாவது ஆள்கிட்ட வெறும் 2. அவர் எந்த நிமிஷமும் வெளியே போகலாம். உங்க டிக்கெட் வாய்ப்பு இப்பவே 97 சதவீதம். 50 வச்சிருக்கிறவர் ஆல் இன் போடறார். உங்க கையில ஏஸ் ஜோடி. அவர் எதை வேணா வச்சிருக்கட்டும், சராசரியா நீங்க 85 தடவை ஜெயிப்பீங்க. எவ்வளவு சாதகமான கார்டோட மோதினாலும் 95ஐத் தாண்டாது. ஜெயிச்சா 97, 100க்குப் பக்கத்துல போகும். தோத்தா பூஜ்யம். 97ஐக் கையில வச்சுக்கிட்டு ஏன் 85க்குப் போகணும்? ஏஸ் ஜோடியைக் கீழே வைங்க. வலிக்கும், ஆனா அதுதான் சரி.

சீட்டு இல்லாத ஃபோல்ட்

ரெண்டாவது கதைக்கு வர்றேன். கொஞ்ச நாள் முன்னாடி காலேஜ் ஃபிரண்ட் ஒருத்தன் தன் பிசினஸ்ல என்னைப் பார்ட்னராக் கூப்பிட்டான். 8 லட்சம் கேட்டான். என் மொத்த சேமிப்பும் அவ்வளவுதான். அவன் கணக்குப் புத்தகத்தை ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். வாடிக்கையாளர் இருக்காங்க, மாசா மாசம் லாபம் வருது, ஆளும் நேர்மையானவன். போக்கர் பாஷையில சொன்னா, அது ஏஸ் ஜோடி.

ஆனா அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் போயிடுச்சு. அறுவை சிகிச்சைக்கு ரெண்டு மாசத்துல தேதி குறிச்சிருந்தோம். இன்சூரன்ஸ் ஒரு பகுதிதான் தரும். மிச்சம் அந்த 8 லட்சத்துல இருந்துதான் போகணும். பிசினஸ் நல்லா போனா எனக்கு இன்னும் கொஞ்சம் பணம் வரும். போகலைன்னா அம்மா இன்னொரு வருஷம் வலியோட நடக்கணும். அந்த நேரத்துல எனக்குத் தேவைப்பட்ட டிக்கெட் ஒண்ணே ஒண்ணுதான், அது ஏற்கனவே கையில இருந்தது. "இப்போ முடியாது டா"ன்னு சொல்லிட்டேன்.

அவன் பிசினஸ் நல்லாவே போச்சு. இப்போ ரெண்டாவது கிளை திறந்திருக்கான். கல்யாண வீட்ல பார்க்கிறவங்க எல்லாம் "சான்ஸை விட்டுட்டியே"ன்னு கேக்கறாங்க. எனக்கும் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது. ஆனா அது தப்பான ஃபோல்ட் இல்ல. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுங்கறதுக்காக இதைச் சொல்லல. அதுவும் கார்டைத் திருப்பின பிறகு மார்க் போடறதாயிடும். அன்னைக்குத் தெரிஞ்ச தகவலை வச்சு, அன்னைக்கு எனக்கு இருந்த தேவையை வச்சுப் பார்த்தா, இன்னொரு தடவை கேட்டாலும் அதே பதில்தான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கதையைக் கேட்டுட்டு எல்லாத்துக்கும் "நான் சாட்டிலைட்ல இருக்கேன்"னு சொல்லிடாதீங்க. பயத்துக்கு அது ரொம்ப வசதியான சாக்கு. வீட்டு சனிக்கிழமை விளையாட்டுல எனக்கு அந்த மாதிரி எந்த டிக்கெட்டும் கையில இல்ல. போனா பாத்திரம், அவ்வளவுதான். அங்க நான் ஃபோல்ட் பண்ணதுக்குக் காரணம் கணக்கு இல்ல. அதனால பெரிய கையைக் கீழே வைக்கும் முன்னாடி உங்களையே கேட்டுக்கோங்க: எதிராளியோட பட்டியல்ல நிஜமா என்னென்ன இருக்கு? கால் பண்ண எத்தனை சதவீதம் ஜெயிக்கணும்? தோத்தா போறது வெறும் சிப்பா, இல்ல ஏற்கனவே கையில இருக்கிற டிக்கெட்டா? மூணுக்கும் எண்ணாலேயோ பேராலேயோ பதில் சொல்ல முடிஞ்சா கீழே வைங்க. "ஏதோ தோணுது"ன்னு மட்டும்தான் பதில் வருதுன்னா, இன்னும் ஒரு நிமிஷம் யோசிங்க.

ரூம்மேட்கிட்ட இந்தக் கணக்கு முழுசையும் காட்டினேன். பொறுமையாக் கேட்டான். "அப்போ அடுத்த தடவை கால் பண்ணுவியா?"ன்னு கேட்டான். பண்ணுவேன்னேன். "சரி, அப்போ இனிமே குயினுக்கு ஆல் இன் போட மாட்டேன்"னு சொல்லிட்டுப் போயிட்டான். பட்டியல் மாறிடுச்சு மக்களே. நான் திரும்ப முதல்ல இருந்து எண்ணணும்.